மூங்கிலும் நெல்லும் தெய்வமாகும் மண்

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஒரு மக்களினத்தின் வரலாற்றை அதன் அரண்மனைகளிலும் நாணயங்களிலும் தேடுவது ஒரு வழி. அம்மக்கள் எதை வணங்குகின்றனர், எப்போது வணங்குகின்றனர், வணங்கும் நாளில் எதைச் செய்யாமல் இருக்கின்றனர் என்று காண்பது மற்றொரு வழி. இந்தியாவின் வடகிழக்கு எல்லையில் வாழும் திரிபுரி மக்களின் வழிபாடுகளும் விழாக்களும் அந்த இரண்டாம் வழியில் நம்மை அழைத்துச் செல்கின்றன. மலைப்புனத்தில் விதைத்து வாழ்ந்த ஒரு சமுதாயம், நிலத்தோடு தனக்குள்ள உறவை எவ்வாறு புரிந்துகொண்டது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மண்ணும் மக்களும்

வடக்கு, தெற்கு, மேற்கு ஆகிய மூன்று பக்கங்களிலும் வங்கதேசம் சூழ, கிழக்கே அசாம், மிசோரம் மாநிலங்களை ஒட்டி அமைந்துள்ள சிறிய மாநிலம் திரிபுரா. இதன் பரப்பு 10,491 சதுர கிலோமீட்டர். வடக்குத் தெற்காக ஓடும் மலைத்தொடர்களும் அவற்றுக்கு இடைப்பட்ட பள்ளத்தாக்குகளும் இந்நிலத்தின் இயல்பு. மழை மிகுதி, மூங்கில் மிகுதி. வீட்டின் சுவர், தளம், கூடை, மீன்பொறி, புல்லாங்குழல், சமைக்கும் கலம், உண்ணும் குருத்து என வாழ்க்கைக்கு வேண்டிய பலவும் இங்கு மூங்கிலிலிருந்து கிடைக்கின்றன. அம்மூங்கிலே தெய்வமாகவும் நிற்கிறது.

இம்மாநிலத்தில் பட்டியல் பழங்குடியினராக ஏற்கப்பட்டுள்ள இனங்கள் 19. அவற்றுள் எண்ணிக்கையில் பெரியவர்கள் திரிபுரி மக்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் அவர்கள் ஏறத்தாழ 5.9 இலட்சம் பேர். எல்லைக்கு அப்பால் வங்கதேசத்தின் சிட்டகாங் மலைப்பகுதியிலும் இவர்கள் வாழ்கின்றனர். ரியாங், ஜமாத்தியா முதலிய இனத்தாரும் இவர்களோடு மொழியாலும் வழிபாட்டாலும் நெருங்கியவர்கள். இவர்கள் பேசும் மொழி கொக்பொரொக். ‘கொக்’ என்றால் மொழி. ‘பொரொக்’ என்றால் மக்கள். மக்களின் மொழி என்பதே அப்பெயரின் பொருள். திபெத்திய பர்மிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த இம்மொழி, 1979ஆம் ஆண்டு சனவரி 19 அன்று மாநில அலுவல் மொழிகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது.

‘மாணிக்கியர்’ என்னும் பட்டம் தாங்கிய மன்னர்கள் 15ஆம் நூற்றாண்டு முதல் இந்நாட்டை ஆண்டனர். 1949ஆம் ஆண்டு அக்டோபர் 15 அன்று திரிபுரா இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1972ஆம் ஆண்டு சனவரி 21 அன்று தனி மாநிலமாயிற்று.

புனமே நாட்காட்டி

திரிபுரி மக்களின் பழைய வாழ்வு ‘ஜூம்’ எனப்படும் புன வேளாண்மையை நம்பியது. குளிர்காலத்தின் இறுதியில் மலைச்சரிவில் ஒரு பகுதியைத் தேர்ந்து, அங்குள்ள மூங்கிலையும் புதரையும் வெட்டிக் காயவிடுவர். பங்குனியில் அவற்றுக்குத் தீயிடுவர். சாம்பல் மண்ணுக்கு உரமாகும். முதல் மழைக்குப்பின், வெட்டுக்கத்தியின் முனையால் சிறுகுழி இட்டு, நெல், பருத்தி, எள், சோளம், மிளகாய், பூசணி முதலியவற்றின் விதைகளைக் கலந்து ஊன்றுவர். ஏர் இல்லை, எருது இல்லை, வரப்பும் இல்லை. விளைச்சலைக் காக்கப் புனத்தின் நடுவே மூங்கிலால் உயரமான குடில் ஒன்றை அமைப்பர். அதற்குக் ‘கைரிங்’ என்று பெயர். ஒவ்வொரு பயிரும் தனக்குரிய பருவத்தில் முற்றும். சோளம் முன்னே வரும். நெல் அடுத்து வரும். பருத்தி இறுதியில் வெடிக்கும்.

ஓரிரு ஆண்டுகள் விளைந்த புனத்தைக் கைவிட்டு வேறிடம் செல்வர். கைவிட்ட நிலத்தில் காடு மீண்டும் வளரும். பல ஆண்டுகளுக்குப் பிறகே அவ்விடத்திற்குத் திரும்புவர். இம்முறையின் உயிர்நாடி அந்த இடைவெளியில் உள்ளது. நிலத்திலிருந்து எடுப்பதற்கு ஒரு காலம் உண்டு. அதை விட்டு விலகி நிற்பதற்கும் ஒரு காலம் உண்டு. திரிபுரி மக்களின் சடங்குகளைக் கூர்ந்து நோக்கினால் இந்த இரண்டு எண்ணங்களே அவற்றின் அடித்தளமாக இருப்பது விளங்கும். எடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். எடுத்தபின் நிறுத்த வேண்டும்.

வீட்டிலும் காட்டிலும் உறையும் தெய்வங்கள்

கொக்பொரொக் மொழியில் நெல்லுக்கு ‘மை’ என்றும் பருத்திக்குக் ‘குல்’ என்றும் பெயர். நெல்லின் தாய் மைலுமா. பருத்தியின் தாய் குலுமா. உணவும் உடையும் தரும் இவ்விருவருக்கும் பெரிய கோயில்கள் இல்லை. வீட்டின் ஒரு மூலையில் அரிசி நிரப்பிய மண்கலங்களே இவர்களின் உருவம். அறுவடை வந்ததும் புதிய அரிசி முதலில் இத்தாயர்க்கு உரியது. மனிதர் உண்பது அதன் பின்னரே. புத்தரிசி உண்ணும் இந்நிகழ்வை ஒட்டி ‘மாமிதா’ என்னும் அறுவடை விழா கொண்டாடப்படுகிறது.

திருமணம் ஆயினும், புதுவீடு ஆயினும், நற்செயல் எதுவாயினும் முதலில் செய்யப்படுவது ‘லாம்ப்ரா’ வழிபாடு. விண்ணுக்கும் கடலுக்கும் உரிய அகத்ரா, பிகத்ரா என்னும் இரட்டைத் தெய்வங்களை இதில் அழைக்கின்றனர். பச்சை மூங்கிலைச் சீவி உருவாக்கிய துண்டுகளே வழிபாட்டுப் பொருள்கள். நீரின் தாயான துய்மாவுக்கு ஆற்றின் நடுவே மூங்கிலால் சிறுகோயில் அமைத்து, நோய் அணுகாதிருக்க வேண்டுவர். காட்டுக்கு உரிய தெய்வம் புராசா. காட்டில் நுழைவோர் இத்தெய்வத்தின் சினத்துக்கு அஞ்சினர். காடு யாருக்கும் உரிமையற்ற வெற்றிடம் அன்று, அதற்கென ஒரு தலைவன் உண்டு என்னும் எண்ணம் அந்த அச்சத்தில் உள்ளது.

இவ்வழிபாடுகளை நடத்தும் ஊர்ப்பூசகர் ‘ஒச்சாய்’ எனப்படுவார். அவருக்கு ஏடு இல்லை. மந்திரங்கள் நினைவில் வழிவழியாக வருபவை. வழிபாட்டுக்கென அவர் எழுப்பும் மூங்கில் உருவங்கள் நிலையாக நிற்பவையும் அல்ல. சடங்கு முடிந்ததும் அவை காய்ந்து மண்ணோடு கலக்கும். அடுத்த ஆண்டு புதிய மூங்கில் வெட்டப்படும்.

கரியா: விதைப்புக்கு முன் ஒரு வேண்டுதல்

சித்திரைப் பிறப்பை ஒட்டித் திரிபுரி மக்களின் ஆண்டும் பிறக்கிறது. ‘புய்சு’ எனப்படும் இப்புத்தாண்டுக்கு முன்னாளில் ஆடுமாடுகளைக் குளிப்பாட்டிப் பூமாலை சூட்டுவர். அதைத் தொடர்ந்து வருவது கரியா விழா. சைத்ர மாதத்தின் இறுதிநாளில் தொடங்கி, வைசாக மாதத்தின் ஏழாம் நாளில் இது நிறைவுறுகிறது. இந்நிறைவுநாள் பெரும்பாலும் ஏப்ரல் 21ஆம் நாளை ஒட்டி வரும்.

கரியா, வளத்தையும் கால்நடைப் பெருக்கத்தையும் மக்கள் நலத்தையும் தருபவராகக் கருதப்படுகிறார். அவரது உருவம் ஒரு மூங்கில் கம்பு. அதற்குப் பருத்திநூலும் மலரும் சூட்டி நிறுத்துவர். அரிசி, முட்டை, கோழி, அரிசிக் கள் ஆகியன படையல். பூசைக்கு முந்திய நாள்களில் இளைஞர்கள் கரியாவின் சின்னத்தை ஏந்தி வீடுவீடாகச் செல்வர். முற்றத்தில் அதை நாட்டிச் சுற்றிலும் ஆடுவர். ‘காம்’ என்னும் முழவும் ‘சுமுய்’ என்னும் மூங்கில் குழலும் ஒலிக்கும். வீட்டார் அரிசியும் பணமும் தந்து வாழ்த்துப் பெறுவர்.

காட்டை வெட்டுதல், விதை ஊன்றுதல், களை பறித்தல், கதிர் அறுத்தல் முதலிய புனத்தின் வேலைகளை அவர்களின் ஆட்ட அசைவுகளில் காணலாம். அந்த ஆண்டு செய்யப்போகும் உழைப்பைத் தெய்வத்தின் முன் முதலில் ஆடிக்காட்டி, அதற்கு இசைவு கேட்பதுபோல் இவ்வாட்டம் அமைகிறது. விதைப்புப் பருவத்தின் வாயிலில் இவ்விழா வருவதும் அதனாலேயே பொருந்துகிறது. ஜமாத்தியா இனத்தார் ‘ஹொதா’ என்னும் தம் மரபுப் பேரவையின் வழியாக இவ்விழாவை இனம் முழுவதற்கும் பொதுவானதாக நடத்துகின்றனர்.

விதைத்தபின் புனத்துக்கு வரும் பூச்சிகளையும் இம்மக்கள் கலையாக்கினர். ‘லெபாங்’ என்னும் வண்ணப் பூச்சிகளை மூங்கில் தாளத்தால் ஈர்த்துப் பிடிக்கும் செயலிலிருந்து பிறந்தது ‘லெபாங் பூமானி’ ஆட்டம். ஆண்கள் மூங்கில் துண்டுகளைத் தட்டித் தாளமிட, பெண்கள் பூச்சியைப் பிடிக்கும் பாவனையில் ஆடுவர்.

தெரிந்து தெளிவோம்

ரியாங் இனப் பெண்கள் மைலுமாவைப் போற்றி ஆடுவது ‘ஹொஜாகிரி’ நடனம். மண்குடத்தின் மேல் நின்று, தலையில் புட்டியும் அதன்மேல் எரியும் விளக்கும் தாங்கி, இடுப்புக்குக் கீழே மட்டும் அசைந்து ஆடுவர். உடலின் மேற்பகுதி அசையாது நிற்பதே இந்நடனத்தின் சிறப்பு. இக்கலையை வளர்த்த சத்தியராம் ரியாங் அவர்களுக்கு 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

கார்ச்சி: பதினான்கு தெய்வங்களின் நீராட்டு

ஊர்தோறும் நடைபெறும் வழிபாட்டோடு, அரசு சார்ந்த பெருவழிபாடும் திரிபுராவில் உண்டு. அவற்றுள் முதன்மையானது கார்ச்சி. ஆடி மாதத்தை ஒட்டி, வளர்பிறை எட்டாம் நாளில் தொடங்கி ஏழு நாள்கள் பழைய அகர்தலாவில் உள்ள பதினான்கு தெய்வங்களின் கோயிலில் இது நடைபெறுகிறது.

இக்கோயிலின் தெய்வங்களுக்கு முழு உருவம் இல்லை. தலைகள் மட்டுமே உண்டு. சிவன், உமை, திருமால், இலக்குமி, கலைமகள், முருகன், பிள்ளையார், நான்முகன் ஆகியோரோடு நிலம், கடல், கங்கை, தீ, காமன், இமயம் ஆகியவையும் தெய்வங்களாக எண்ணப்படுகின்றன. ஆண்டின் மற்ற நாள்களில் மூன்று தெய்வங்களே வழிபாட்டில் இருப்பர். ஏனையோர் பேழைக்குள் உறைவர். கார்ச்சியின்போது பதினால்வரும் வெளியே எழுந்தருளி, ஹாவ்ரா ஆற்றில் நீராட்டப்படுவர். இங்குக் குறிப்பிடப்படும் ஹாவ்ரா, அகர்தலாவின் அருகே ஓடும் சிற்றாறு.

இத்தெய்வங்கள் திரிபுராவுக்கு வந்தது குறித்து ஒரு வாய்மொழிக் கதை உண்டு. அரசி ஈராவதி ஆற்றுக்குச் சென்றபோது இலவமரத்தின் மேலிருந்து குரல்கள் கேட்டன. காட்டெருமை ஒன்று துரத்த, பதினான்கு தெய்வங்களும் அஞ்சி மரத்தில் ஏறியிருந்தனர். அரசி அணிந்திருந்த ‘ரிசா’ என்னும் மார்புத்துணியை எருமையின் மேல் எறிந்தால் அது அடங்கும் என்று அவர்கள் கூறினர். அரசி அவ்வாறே செய்தாள், எருமை அடங்கிற்று, தெய்வங்கள் இறங்கி வந்தனர். ரிசா என்பது திரிபுரிப் பெண்கள் இடுப்பில் கட்டிய தறியில் தாமே நெய்யும் துணி. மனிதரைத் தெய்வம் காப்பதே பல கதைகளின் போக்கு. இக்கதையிலோ, தெய்வங்களை ஒரு பெண்ணின் கைத்துணி காக்கிறது. தெய்வமும் மனிதரும் ஒருவரையொருவர் சார்ந்தவர்கள் என்னும் நம்பிக்கைக்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை.

கார்ச்சிக்கு முன்னர் வரும் ‘அம்புபாச்சி’ நாள்களில் நிலமகள் மாதவிலக்குற்றிருப்பதாக நம்புவர். அந்நாள்களில் மண்ணைக் கிளறுவதோ உழுவதோ கூடாது. அதன்பின் நிலத்தையும் மக்களையும் தூய்மைப்படுத்தும் சடங்காகக் கார்ச்சி அமைகிறது. நிலத்துக்கும் ஓய்வு உண்டு, அவ்வோய்வை மதித்த பின்னரே அதனிடம் மீண்டும் கேட்கலாம் என்னும் கருத்து இங்கு வெளிப்படையாகவே உள்ளது.

பதினான்கு தெய்வங்களின் தலைமைப் பூசகர் ‘சந்தாய்’ எனப்படுவார். தெய்வங்களின் பெயர்கள் வடமொழி வழக்கைத் தழுவியிருப்பினும், பூசை உரிமை பழங்குடி மரபைச் சேர்ந்த சந்தாயிடமே நிலைத்தது. அவர் வரலாற்றைக் காத்தவரும் ஆவார். 15ஆம் நூற்றாண்டில் தர்ம மாணிக்கிய மன்னர் காலத்தில் ‘ராஜமாலா’ என்னும் அரச வரலாற்று நூல் வங்கமொழிச் செய்யுளில் எழுதத் தொடங்கப்பட்டது. சுக்ரேசுவரர், பாணேசுவரர் என்னும் புலவர்கள் அதை இயற்ற, அதற்குரிய பழஞ்செய்திகளைத் தம் நினைவிலிருந்து எடுத்துரைத்தவர் துர்லபேந்திரர் என்னும் சந்தாய் என்று மரபு கூறுகிறது. ஏட்டில் ஏறிய வரலாற்றுக்குப் பின்னால் பூசகரின் வாய்மொழி இருந்தது.

கேர்: அரசனும் அடங்கும் எல்லை

கார்ச்சி முடிந்து ஏறத்தாழ இரு வாரங்களில் கேர் வழிபாடு வருகிறது. ‘கேர்’ என்னும் சொல் எல்லை வகுத்த இடத்தைக் குறிக்கும். நோய், பஞ்சம், பகை முதலியவற்றிலிருந்து நாட்டைக் காக்க இது செய்யப்படுகிறது. வழிபாட்டுக்கு உரிய நிலப்பகுதியின் எல்லைகளில் பச்சை மூங்கில் நட்டு அடையாளமிடுவர். வழிபாடு தொடங்கியபின் அந்த எல்லைக்குள் எவரும் நுழையக்கூடாது. உள்ளிருப்பவர் வெளியேறவும் கூடாது. நிறைமாதக் கருவுற்ற பெண்களும் நோய் முற்றியவர்களும் முன்னரே வெளியே அழைத்துச் செல்லப்படுவர். ஏனெனில், எல்லைக்குள் பிறப்பும் இறப்பும் நிகழலாகாது. ஆடல், பாடல், உரத்த அழுகை, காலணி, குடை ஆகியவற்றுக்கு இடமில்லை. மூங்கிலோடு மூங்கிலை உரசித் தீ உண்டாக்கப்படும். விதியை மீறுவோர் தண்டம் செலுத்த வேண்டும். மன்னரும் இவ்விதிகளுக்கு விலக்கு அல்லர்.

நாட்டின் தலைவன் தன் நகரிலேயே குடை பிடிக்காமல், ஒலி எழுப்பாமல் ஒரு பூசகரின் ஆணைக்குக் கட்டுப்பட்டிருந்த நாள்கள் அவை. அதிகாரத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை ஆண்டுக்கு ஒருமுறை அனைவரும் கண்ணால் காணுமாறு செய்த சடங்கு இது. விழா என்றதும் ஒலியும் ஒளியும் கூட்டமும் நினைவுக்கு வருவது இயல்பு. கேர் இதற்கு மாறானது. எதையும் செய்யாதிருப்பதே அதன் கொண்டாட்டம்.

இந்தியாவோடு இணைந்தபோது செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அரச குடும்பம் நடத்திவந்த முதன்மையான வழிபாடுகளின் செலவை அரசு ஏற்றது. இன்று கேர் நடைபெறும் பகுதி சுருங்கிவிட்டது. அகர்தலா அரண்மனைச் சுற்றுப்பகுதியும் பழைய அகர்தலாவின் ஒரு பகுதியுமே அதன் எல்லை. ஆயினும், மக்களாட்சி அரசு ஒன்று இப்பழைய மூங்கில் எல்லையை மதித்து நிற்பது எண்ணத்தக்கது.

பலி குறித்த வினா

திரிபுரி வழிபாட்டில் கோழி, ஆடு முதலியவற்றைப் பலியிடும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. உதய்ப்பூரில் தன்ய மாணிக்கிய மன்னர் 1501ஆம் ஆண்டு கட்டிய திரிபுரசுந்தரி கோயிலிலும் இவ்வழக்கம் தொடர்ந்தது. சக்தி பீடங்கள் 51இல் ஒன்றாகப் போற்றப்படும் கோயில் அது.

இவ்வழக்கத்தை எதிர்த்த குரலும் இம்மண்ணின் வரலாற்றோடு பிணைந்தே உள்ளது. 17ஆம் நூற்றாண்டின் கோவிந்த மாணிக்கிய மன்னரைத் தலைமைப் பாத்திரமாகக் கொண்டு, இரவீந்திரநாத் தாகூர் ‘ராஜர்ஷி’ என்னும் புதினத்தை 1887இல் வெளியிட்டார். அதன் ஒரு பகுதியைத் தழுவி ‘விசர்ஜன்’ என்னும் நாடகத்தை 1890இல் படைத்தார். கோயில் படிக்கட்டில் குருதியைக் கண்ட சிறுமி ஒருத்தி எழுப்பும் வினா மன்னரின் மனத்தை மாற்றுகிறது. அவர் பலியைத் தடைசெய்கிறார். பூசகர் ரகுபதி அதை எதிர்க்கிறார். மரபுக்கும் இரக்கத்துக்கும் இடையிலான இப்போராட்டமே நாடகத்தின் கரு.

இவ்விவாதம் இலக்கியத்தோடு நின்றுவிடவில்லை. கோயில்களில் விலங்குப் பலியைத் தடைசெய்து திரிபுரா உயர்நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. வழக்கு பின்னர் உச்சநீதிமன்றத்துக்குச் சென்றது. மரபைப் பேணுவோரிடையே எது மாறலாம், எது மாறலாகாது என்னும் கருத்து வேறுபாடு எழுவது, அம்மரபு உயிரோடு இருப்பதற்கு அடையாளம். ஒரு சமுதாயத்தின் வழிபாட்டைக் கற்பவர் அதை இகழவும் வேண்டுவதில்லை. அதன் ஒவ்வொரு கூறையும் கேள்வியின்றி ஏற்கவும் வேண்டுவதில்லை.

தீர்த்தமுகம்: நீரின் அடியில் ஒரு பள்ளத்தாக்கு

ராய்மா, சர்மா என்னும் சிற்றாறுகள் கூடிக் கோமதி ஆறாகும் இடம் தீர்த்தமுகம். தைப் பிறப்பை ஒட்டிய சங்கராந்தி நாளில் திரிபுரி மக்கள் இங்குத் திரள்வர். மறைந்த முன்னோரின் சாம்பலை ஆற்றில் கரைத்து நீராடுவர். வாழ்வோரும் மறைந்தோரும் சந்திக்கும் இடமாக இது மதிக்கப்படுகிறது.

இவ்விடத்தில்தான் கோமதி நீர்மின் திட்டத்துக்காக அணை கட்டப்பட்டது. 1976இல் இத்திட்டம் செயற்பாட்டுக்கு வந்தது. அணைக்கு மேற்பட்ட வளமான பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியது. ஆயிரக்கணக்கான பழங்குடிக் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அவர்களுள் பலரிடம் நிலத்துக்குரிய ஆவணம் இல்லை. அதனால் இழப்பீடும் கிட்டவில்லை. புன வேளாண்மையில் நிலம் ஒருவருக்கு உரிய சொத்து அன்று; ஊரார் முறைவைத்துப் பயன்படுத்திப் பின் காட்டுக்கே திருப்பித் தருவது. அத்தகைய உறவுக்கு ஏட்டில் இடமில்லை. சடங்கில் மட்டுமே அது பதிவாகியிருந்தது.

மக்கள்தொகையிலும் பெருமாற்றம் நேர்ந்தது. 1941இல் திரிபுராவின் மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் பழங்குடியினர். நாட்டுப் பிரிவினையை ஒட்டிக் கிழக்கு வங்கத்திலிருந்து துன்புற்று வந்த மக்கள் பெருமளவில் இங்குக் குடியேறினர். 2011இல் பழங்குடியினரின் பங்கு 31.8 விழுக்காடாகியது. புகலிடம் தேடி வந்தோரின் துயரும் உண்மை. சொந்த மண்ணில் சிறுபான்மையான மக்களின் கலக்கமும் உண்மை. நிலம், மொழி, மரபு ஆகியவற்றைக் காக்கப் பழங்குடிப் பகுதிகளுக்கெனத் தன்னாட்சி மாவட்டக் குழு அமைக்கப்பட்டது. 1985 முதல் அது அரசமைப்பின் ஆறாம் அட்டவணையின்கீழ் இயங்குகிறது.

மாறும் காலமும் நிலைக்கும் பொருளும்

இன்று புன வேளாண்மை குறைந்துவருகிறது. கைவிட்ட நிலம் மீண்டும் காடாவதற்குப் போதிய ஆண்டுகள் கிடைப்பதில்லை. பலர் சமவெளி வேளாண்மைக்கும் இரப்பர்த் தோட்டத்துக்கும் அரசுப் பணிக்கும் மாறியுள்ளனர். திரிபுரி மக்களுள் பெரும்பாலோர் இந்து சமய மரபையும் தம் பழைய வழிபாட்டையும் இணைத்தே பின்பற்றுகின்றனர். கிறித்தவத்தைத் தழுவியோரும் உள்ளனர். கார்ச்சி விழாவில் வங்கமொழி பேசுவோரும் பழங்குடியினரும் ஒருங்கே கூடுகின்றனர். கரியா ஆட்டம் அரங்கங்களிலும் பள்ளிவிழாக்களிலும் ஆடப்படுகிறது.

புனத்தைக் காணாத இளைஞர் ஒருவர் அரங்கில் விதை ஊன்றும் அசைவை ஆடும்போது, அவ்வசைவுக்கு என்ன பொருள் எஞ்சும் என்னும் வினா இயல்பாக எழுகிறது. அதற்குரிய விடை எதை மரபு என்று கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. அசைவும் ஆடையும் மட்டுமே மரபு எனின், அவை காட்சிப்பொருளாகச் சுருங்கும். அவற்றுள் பொதிந்துள்ள நெறியே மரபு எனின், அதற்கு இன்றும் வேலை உண்டு. காடு வெட்டுமுன் இசைவு கேட்பது, நிலத்துக்கு ஓய்வு தருவது, அதிகாரத்துக்கு எல்லை வகுப்பது, புதிய விளைச்சலை உண்ணுமுன் அதைத் தந்த தாயை நினைப்பது ஆகியன புன வேளாண்மையோடு முடிந்துபோகும் நெறிகள் அல்ல.

ஆண்டுதோறும் புதிதாக வெட்டப்பட்டு நடப்படும் மூங்கிலில் கரியா எழுந்தருள்கிறார். சென்ற ஆண்டின் மூங்கில் இந்த ஆண்டுக்கு உதவாது. மரபும் அத்தகையதே. ஒவ்வொரு தலைமுறையும் அதைத் தன் கையால் நட்டு நிறுத்த வேண்டும். நடுவதற்கு நிலமும், வெட்டுவதற்கு மூங்கில் காடும், சொல்வதற்கு மொழியும் இருந்தால் அது நிலைக்கும்.

சொல்லும் பொருளும்

ஒச்சாய் – ஊர்ப்பூசகர்
சந்தாய் – பதினான்கு தெய்வங்களின் தலைமைப் பூசகர்
கைரிங் – புனத்தில் அமைக்கும் மூங்கில் குடில்
ரிசா – பெண்கள் நெய்து அணியும் மார்புத்துணி
காம் – முழவு
சுமுய் – மூங்கில் குழல்
பேழை – பெட்டி
தண்டம் – தண்டனையாகச் செலுத்தும் பொருள்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நடைபெறும் விழா ஒன்றில் ‘செய்யக்கூடாதவை’ எனக் கூறப்படுவனவற்றைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க. அவற்றின் காரணங்களை வகுப்பில் கலந்துரையாடுக.
2. நீர்த்தேக்கங்களால் இடம்பெயரும் மக்கள் இழப்பவற்றை, பணத்தால் ஈடுசெய்யக் கூடியவை, ஈடுசெய்ய இயலாதவை என இரண்டாகப் பகுத்துப் பட்டியலிடுக.

நம்மை அளவிடுவோம்

பலவுள் தெரிக

1. பொருத்துக.
அ) மைலுமா – 1) காடு
ஆ) குலுமா – 2) நீர்
இ) துய்மா – 3) நெல்
ஈ) புராசா – 4) பருத்தி
க) 3, 4, 2, 1 ங) 4, 3, 1, 2 ச) 3, 2, 4, 1 ஞ) 1, 4, 2, 3

2. ‘கேர்’ என்னும் சொல் குறிப்பது
க) அறுவடை ங) எல்லை வகுத்த இடம் ச) நீராட்டு ஞ) புத்தாண்டு

குறுவினா

1. ‘கொக்பொரொக்’ – பெயர்ப்பொருளைக் குறிப்பிடுக.
2. ராஜமாலா உருவானதில் சந்தாயின் பங்கு யாது?
3. ஹொஜாகிரி நடனத்தின் சிறப்பு யாது?

சிறுவினா

1. அரசி ஈராவதியின் கதை உணர்த்தும் கருத்தினை விளக்குக.
2. கரியா ஆட்டத்துக்கும் புன வேளாண்மைக்கும் உள்ள தொடர்பை எழுதுக.
3. தீர்த்தமுகம் திரிபுரி மக்களின் நினைவில் பெறும் இடத்தைச் சுட்டுக.

நெடுவினா

1. ‘எடுப்பதற்கு முன் கேட்க வேண்டும், எடுத்தபின் நிறுத்த வேண்டும்’ – திரிபுரி மக்களின் விழாக்களின்வழி இக்கூற்றை நிறுவுக.